கணினிக்கு முழுக் காவல் உண்டா?

தண்ணீர்மலைக்குப் படியேறப் புறப்படும்போது வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறோம். கணினியிலே அந்தப் பூட்டு, இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருளாகும். நமது வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு நிரல் எட்டிப் பாராமல் காப்பது அதுவே. அக்காவலைக் குறையற்றதாக்க முடியுமா?

முடியும் என்பர் ஒரு சாரார். 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கரு வகுத்தபடியே நடக்கும் என்று கணித முறையில் மெய்ப்பித்தனர். அதன் அளவு ஏறத்தாழ 8,700 வரிகளே. நாம் அன்றாடம் பயன்படுத்தும் இயங்குதளங்களோ கோடிக்கு மேற்பட்ட வரிகள் கொண்டவை.

மேலும், சுவர் உறுதியானாலும் அடித்தளம் எப்படி என்று கேட்பர் மறு சாரார். அந்த மெய்ப்பும் கீழுள்ள சில்லு சரியாக இயங்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பதுதான். இண்டெல் நிறுவனம் நமது பினாங்கில் 1972-இல் தொழிற்சாலை தொடங்கியதை அறிவோம். 2018 ஜனவரியில், அந்நிறுவனச் செயலிகள் பலவற்றில் 'மெல்ட்டவுன்' என்ற குறை வெளியாயிற்று. அது தொழிலாளர் கைப்பிழையன்று, வடிவமைப்பின் குறை. வேகத்தை நாடி, அனுமதி உண்டா என்று பார்த்து முடிக்குமுன்பே சில்லு வேலையைத் தொடங்கியது. அது விட்ட தடயத்திலிருந்து இரகசியத்தை அறிய வழி பிறந்தது. இயங்குதளங்களைத் திருத்தியே அவ்வழியை அடைத்தனர். அதனால் வேகம் சற்றுக் குறைந்தது.

ஆகவே, எதை நம்பிக் காவல் நிற்கிறது என்று அறிவதே அறிவுடைமை. திருத்தம் வந்ததும் ஏற்றுக்கொள்வோம். பூட்டை மீண்டும் இழுத்துப் பார்ப்போம்.