ஞாயிறு ஜெபமும் திங்கள் பிரட்டும்

செமோர் பக்கம் ரப்பர் வெட்டிய காலத்தில், பூசை முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். இளைஞர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, எங்கம்மா பாலை ரெண்டு கிலோ குறைச்சு எழுதிட்டாங்க. ஆண்டவர் பாத்துக்குவாருன்னு அம்மா பேசாம இருக்காங்க. அது சரியா?"

பெல்ஜியத்தில் 1882இல் பிறந்த ஜோசப் கார்டைனைப் பற்றிச் சொன்னோம். அவர் குருமடத்துக்குப் போனார். கூட்டாளிகள் ஆலைக்குப் போனார்கள். விடுமுறையில் திரும்பினால், கோயிலை விட்டு விலகிய அவர்கள் அவரை அந்நியராகப் பார்த்தார்கள். அந்த வேதனையில் பிறந்ததுதான் 1925இல் அவர் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். அதன் பாடம் மூன்றே: பார், சீர்தூக்கு, செயல்படு.

தராசைப் பார். உழைத்தவர் கூலியைக் குறைப்பது வேதத்துக்கு அடுக்குமா என்று சீர்தூக்கு. பிறகு முணுமுணுக்காமல் சங்கத்துக்கு வா. நம் வாளியையும் பார்க்க வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தவன் தராசைக் குறை சொல்ல முடியாது.

ஓய்வு நாளும் அப்படியே. வாரம் ஒரு முழுநாள் ஓய்வு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தந்த உரிமை. சில விதிவிலக்குகள் தவிர, அன்று வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. எடைக் கூலிக்காரர் அன்று உழைத்தால் இரட்டிப்புக் கூலி.

மறுநாள் அந்தத் தாயார் பிரட்டில் வாய் திறந்தார். பக்கத்தில் நாம் நின்றோம். கணக்குத் திருத்தப்பட்டது. அம்மா சொன்னது பொய்யில்லை, தோழர்களே. ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நம் கண்ணாலும் நம் வாயாலும்தான்!