இடம் கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்

"குடோன் சும்மா கிடந்தது, கேட்டார்கள், கொடுத்தேன். நான் சீட்டைத் தொட்டதுகூட இல்லை." சூதாட்ட வழக்கில் சிக்கும் இட உரிமையாளர் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. சட்டத்தின் முன் இது பாதி பதில்தான்.

திருப்பூர் வட்டாரத்தில் லைன் வீடு, ஓடாத பனியன் கம்பெனி, பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துச் சாலை என வாடகைக்கு விடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-இன் 8-வது பிரிவு, சூதாட்ட விடுதி நடத்துபவரோடு, தன் இடத்தை அதற்குப் பயன்படுத்த அனுமதிப்பவரையும் குற்றவாளியாகவே பார்க்கிறது. ஆடுபவருக்கு 9-வது பிரிவு தனியாக இருக்கிறது. மாநகரக் காவல் சட்டத்திலும் இதே வகைப் பிரிவுகள் உண்டு.

எது சூதாட்ட விடுதி? பொதுவாக, இடத்துக்காரரோ அதை வைத்திருப்பவரோ ஆட்டத்தால் ஆதாயம் அடைந்தால் அது விடுதி. தீபாவளிக்கு மாமன் மச்சான் கூடி, யாருக்கும் கமிஷன் இல்லாமல் வீட்டில் ஆடுவது இதில் சேராது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தால் கதை வேறு.

மனமகிழ் மன்றம் என்று போர்டு மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கைப் படிக்க வேண்டும். 1967-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. சீட்டுக்கட்டுக்கு வாங்கும் நியாயமான கட்டணத்தையும் தவறாகப் பார்க்கவில்லை. ஆனால் ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சேர்த்தே சொன்னது. மன்றத்துக்காரர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்!

6-வது பிரிவு இன்னும் கடுமையானது. முறையான வாரண்டுடன் நடக்கும் சோதனையில் சீட்டும் தாயக்கட்டையும் சிக்கினால், யாரும் ஆடியதைப் போலீஸ் பார்க்காவிட்டாலும், அது விடுதி என்பதற்கு அவையே சாட்சியம். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில்.

இச்சட்டத்தின் தண்டனைகளை உயர்த்திய 2021 திருத்தத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்காக நிம்மதி அடைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு, கும்பலாகச் செய்யும் அனுமதியற்ற சூதாட்டத்தைச் சிறு அமைப்புசார் குற்றமாக்குகிறது. ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை.

வாடகைதாரர் உங்களுக்குத் தெரியாமல் நடத்தினால் நீங்கள் 'அனுமதித்தவர்' ஆகமாட்டீர்கள். தெரிந்த பிறகும் பேசாமல் வாடகை வாங்கினால் அந்த வாதம் நிற்பது கடினம். இடம் எதற்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, காவல் நிலையத்தில் புகார் ரசீது வாங்கி வையுங்கள்.