உப்புப் பாதையில் உணவளித்தவர்கள்

விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தலைவர்களையே நினைவுகூர்கின்றோம். அது முறையே. ஆயினும், ஒரு தலைவர் நூற்றைம்பது மைல் நடக்க வேண்டுமாயின், வழிநெடுகச் சோறும் நீரும் தலைசாய்க்க இடமும் வேண்டும். அவற்றை அளித்தவர் யாவர்? இக்கேள்வியை நம் பாடநூல்கள் அதிகமாக எழுப்புவதில்லை. 1930-ஆம் ஆண்டின் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தைக் கொண்டு, அவர்களைப் பற்றியே இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்தில் உப்பு எடுப்பது அரசாங்கத்தின் கட்டுக்குள் இருந்த தொழில். கடலோரத்தில் தானே விளைந்து கிடக்கும் உப்பை ஓர் ஏழை கைப்பிடி அள்ளினாலும் குற்றம். உப்பின் மீது விதித்த வரியோ செல்வருக்கும் கூலியாளுக்கும் ஒன்றே. கூழ் குடிப்பவனுக்கும் உப்பு வேண்டுமன்றோ? அதனாலேயே காந்தியடிகள் உப்பைத் தேர்ந்தெடுத்தார். மார்ச்சு 12-ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் அச்சட்டத்தை மீறினார்.

தமிழகத்தில் இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து புறப்பட்டனர். அன்று ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் பயணம். நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை இதற்கென்றே ஒரு வழிநடைப் பாட்டு இயற்றித் தந்தார்.

அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்தவர் தார்ன் என்பவர். ஆங்கிலத்தில் அப்பெயர் முள் என்ற சொல்லை ஒத்து ஒலிக்கும். இராஜாஜியே அதை வைத்துச் சிலேடையாகப் பேசியதுண்டு. அவர் பிறப்பித்த ஆணை வேறு வகையானது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்பதே அது. இதன் கூர்மையைக் கவனியுங்கள். கொள்கைக்காக வீட்டைத் துறந்து வந்தவனுக்குச் சிறை பெரிதன்று. ஆனால் மனைவி மக்களோடு வயலை நம்பி வாழும் குடியானவனுக்கு? ஒரு பிடி சோற்றுக்கு ஆறு மாதம் என்றால், கதவைச் சாத்திக்கொள்வதே உலக இயற்கை.

காவிரிக் கரையார் கதவைச் சாத்தவில்லை. வீட்டுக்கு அழைத்தால்தானே குற்றம் என்று, சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே விருந்தளித்துச் சிறை சென்றார். வேதாரணியத்தில் வேதரத்தினம் பிள்ளை அனைவரையும் வரவேற்றுச் சிறைப்பட்டார். அவ்வூரில் முடிதிருத்தும் தொழில் செய்த வைரப்பன், தாம் சவரம் செய்துகொண்டிருந்தவர் போலீசார் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். நீதிமன்றம் ஆணையிட்டும் மறுத்தார், சிறை ஏகினார். அன்றாடக் கூலியை நம்பிய ஒருவர் தம் தொழிலையே ஆயுதமாக்கியதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏப்ரல் 30-ஆம் நாள் இராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார்.

மரக்கிளையில் சோறு கட்டியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நான் விடுதலைக்குப் பின் பிறந்தவன். அந்நாளைக் கண்டவர் சிலரிடமாவது கேட்டறியும் வாய்ப்பு என் தலைமுறைக்கு இருந்தது. இன்றைய மாணவருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு இப்போராட்டம் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிட்டது. ஆண்டும் இடமும் பிழையின்றி எழுதுவான். அங்கே யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் விழிப்பான்.

நான் வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது முதலில் ஆணையை மட்டும் சொல்வேன். பிறகு, “இன்றிரவு உங்கள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பேன். ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து, “அம்மா சோறு போடுவாள் ஐயா, அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ, வரலாற்றை அவள் சரியாகவே புரிந்துகொண்டாள் என்று தோன்றியது. நாட்டுப்பற்று என்பதை அச்சமே அறியாதவர்களின் குணமாகக் காட்டினால், பிள்ளைகள் அதைத் தமக்கு எட்டாத பொருளென்று விலக்கிவிடுவார்கள்.

ஆகஸ்டு 15-க்குக் கொடியும் இனிப்பும் உண்டு. ஏப்ரல் 30 தேர்வும் விடுமுறையும் சூழ்ந்த காலத்தில் வருவதால் பள்ளிகளில் கவனிப்பாரற்றுப் போகிறது. அப்பாதையை ஒட்டிய ஊர்களின் ஆசிரியர்கள் அதற்கு முன்னரே ஒரு நாளைக் குறித்து, மாணவரைத் தம் ஊர் எல்லையில் மூன்று மைலாவது நடத்திச் செல்லலாம். காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது; வழியில் உண்ணும் சோற்றைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டு வரட்டும்.