சுரங்கத்து அமில நீர் குடிநீராகும் ஊர்

தென்னாப்பிரிக்காவில் எமலாலேனி என்று ஓர் ஊர். ‘நிலக்கரி கிடைக்கும் இடம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். நூறாண்டுக்கு மேலாகத் தோண்டியதில் ஊரைச் சுற்றிப் பூமிக்கடியில் குகை குகையாகக் கிடக்கிறது. அங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஊர்க் குழாய்களிலோ தட்டுப்பாடு.

தேங்கிய நீரை வாயில் வைக்க முடியாது. நிலக்கரியோடு பைரைட் என்ற கனிமம் கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண் மூடியிருந்தவரை தொந்தரவில்லை. தோண்டியபின் காற்றும் நீரும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. சிலவகை பாக்டீரியாக்கள் அந்த வேலையை முடுக்கிவிடுகின்றன. அமிலம் பாறையிலுள்ள மாங்கனீசையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொள்ளும். இது ஓடையில் கலந்தால் துரு படிந்து கற்களெல்லாம் செம்மஞ்சளாகிவிடும், மீன் பிழைக்காது.

இந்த நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் 2007-இல் இயக்கத் தொடங்கியது. இறைத்த நீரில் முதலில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அமிலம் முறிகிறது, உலோகங்கள் சேறாகத் தங்குகின்றன. சுண்ணாம்பின் கால்சியம் நீரிலுள்ள சல்ஃபேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிகிறது. தெளிந்த நீரை வடிகட்டி, வீட்டு ஆர்ஓ கருவியில் உள்ளது போன்ற சவ்வு வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள்.

வீட்டு ஆர்ஓவில் ஒரு குடம் நல்ல நீருக்கு எவ்வளவு நீர் சாக்கடைக்குப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தக் கழிவை விடுவதில்லை. சவ்வு ஒதுக்கிய உப்பு நீரிலிருந்து மறுபடி ஜிப்சத்தைப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரிக்காவிட்டால், வெந்நீர் அண்டாவில் ஏறுவது போல வெள்ளைப் பொருக்கு ஏறிச் சவ்வு அடைத்துப்போகும். பிரித்தபின் மீண்டும் சவ்வு, மீண்டும் ஜிப்சம். இப்படி மூன்று சுற்று. 100 லிட்டர் போனால் ஏறக்குறைய 99 லிட்டர் நல்ல நீராகத் திரும்புகிறது. என்னை வியக்கவைத்த கணக்கு இதுதான்.

தொடக்கத்தில் நாளொன்றுக்கு 2.5 கோடி லிட்டர். பிறகு அதை இரண்டு மடங்காக்கினார்கள். அந்த நீர் ஊருக்கும் போகிறது. ஜிப்சத்தைக் கட்டுமானப் பொருளாக்கி வீடுகள்கூடக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நிலக்கரி தீர்ந்தாலும் பைரைட் தீராது. சுரங்கத்தை மூடிவிட்டு முதலாளிகள் கிளம்பிய பிறகும் அமிலம் பல பத்தாண்டுகள் ஊறும். பம்பும் சுண்ணாம்பும் மின்சாரமும் அன்றும் வேண்டும். மூடும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் சுரங்கம் ஓடும்போதே முழுதாக வாங்கிவிட வேண்டும்.