கால் காசுக் குளியல்

ஒரு காலத்தில் சனிக்கிழமை என்றால் கள்ளக்குறிச்சி மளிகைக் கடைகளில் நல்லெண்ணெயும் சீயக்காயும்தான் முதல் போணி. புதன், சனி ஆண்களுக்கு. செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு. கல்வராயன் மலை மக்கள் காட்டில் சேகரித்த காய் மூட்டை மூட்டையாக நம் மண்டிக்கு இறங்கும். நன்கு உலர்ந்த காயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். ஒரு வருடம் மலிவு என்று சத்தம் வராத காயை வாங்கிப் போட்டோம். பூசணம் பூத்துப் பாதி மூட்டை குப்பைக்குப் போயிற்று.

எண்ணெய்க் குளியல் நமக்கே உரியது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். பண்டைய ரோமானியரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களே! அவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். சீயக்காய்க்குப் பதில் வளைந்த உலோகச் சுரண்டி. எண்ணெயையும் அழுக்கையும் அதனால் வழித்தெடுப்பார்கள். ஊர்தோறும் பொதுக் குளியல் கூடம். தரைக்கு அடியில் சிறு தூண்கள். அடுப்பின் அனல் அவற்றினூடே பரவி அறையைச் சூடாக்கும். ரோமில் கி.பி. 216-இல் திறந்த காரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. கூட்டம் கூடுகிற இடத்தில் நம்மவர் இல்லாமலா? குளியல் கூடத்துக்கு மேல் குடியிருந்த செனெக்கா என்ற அறிஞர், பலகாரக்காரர்கள் கூவி விற்கும் இரைச்சலைப் பற்றிக் கடிதமே எழுதினார்.

அந்த ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளின் ஓடுகள் நமக்கு அருகிலேயே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. வந்து இறங்கிய சரக்கில் மது ஜாடிகளே அதிகம்.

வியாபாரிக்குச் சுவையான விஷயம் கட்டணம். புழக்கத்தில் இருந்த மிகச் சிறிய நாணயம், அதாவது கால் காசு கொடுத்தால் உள்ளே போகலாம். அதனால் ஏழையும் வந்தான்.

இதே கணக்கில்தான் நம் சீயக்காய் தோற்றது. 1983-இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு, பின்னர் ஐம்பது காசுப் பாக்கெட்டாகக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது. நாமோ கிலோக் கணக்கில் காயை நிறுத்துக் கொடுத்து, "மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். குறை சரக்கில் இல்லை, கட்டிய அளவில்.

இப்போது வெந்தயமும் பாசிப்பயறும் சேர்த்து அரைத்துப் பத்து ரூபாய் பாக்கெட் போடுகிறோம். சில்லறைக் கடைகளில் வெள்ளி, சனி மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறோம். போன தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வந்த ஒரு கடைக்காரரின் மகன், "ஐயா, இதைத் தண்ணியில கரைக்கணுமா?" என்று கேட்டான். வடிகஞ்சியில் என்றோம். அதைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்துவிட்டோம்.