எம்.சி.ஆர். காலணி: மென்மையும் மீள்திறனும்

நீரிழிவினாலோ தொழுநோயினாலோ பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு எம்.சி.ஆர். காலணி பரிந்துரைக்கப்படுகிறது. ‘சாதாரண ரப்பர் செருப்பும் மெத்தென்றுதானே இருக்கிறது?’ என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. வேறுபாடு மென்மையில் மட்டுமன்று. அழுத்தம் நீங்கியபின் பழைய வடிவுக்கு மீளும் திறனிலும் உள்ளது.

எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். ரப்பருடன் பிளாஸ்டிக் வகைப் பிசின், கந்தகம், வாயுவை உண்டாக்கும் பொருள் முதலியவற்றைக் கலந்து அச்சிலிட்டுச் சூடேற்றுவர். வாயு நுண்ணிய குமிழ்களாக உள்ளே தங்கும். கந்தகமோ ரப்பரின் நீண்ட மூலக்கூற்று இழைகளுக்கிடையே பாலங்களை அமைக்கும். இதுவே குறுக்குப் பிணைப்பு. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் இம்முறையை 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். இ.வி.ஏ. எனும் நுரை அட்டையில் இப்பணியைப் பெராக்சைடு செய்கிறது.

பாலங்கள் குறைந்தால் இழைகள் வழுக்கி விலகும். மிதித்த பள்ளம் மீளாது. மிகுந்தால் பழைய பேனாக்களின் எபோனைட்டைப் போல் இறுகிவிடும். அளவாக அமைந்தால் மட்டுமே அட்டை எடையைத் தாங்கிப் பாதமெங்கும் பரப்பி, மீண்டும் எழும். உள்ளட்டையின் கடினத்தன்மை ஷோர் அளவில் ஏறத்தாழ 15 இருப்பது வழக்கம்.

நமது அண்டை மாவட்டமான வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் பணியேற்ற மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்குப் பெரும்பாலும் உணராத காயமும் தொடர் அழுத்தமுமே காரணம் என்பதை எடுத்துக்காட்டினார். அவரது பணியாலும் கரிகிரி தொழுநோய் மையத்தின் பணியாலும் இவ்வகைக் காலணிகள் பரவலாயின.

வெயிலும் காற்றும் நாளடைவில் ரப்பரை இறுகச் செய்து வெடிக்க வைக்கும். எண்ணெயும் மண்ணெண்ணெயும் அதை உப்பச் செய்யும். எனவே காலணியைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை குதிகாலும் முன்பாதமும் பதியும் இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மீளாவிட்டாலோ அட்டை கல்போல் இறுகியிருந்தாலோ அதை மாற்றவேண்டும். குறுக்குப் பிணைப்புற்ற ரப்பர் உருகாது. சூடாக்கிப் புதுப்பிக்க இயலாது.

நாள்தோறும் அணியுமுன் உள்ளே முள்ளோ கல்லோ இருக்கிறதா எனக் கையால் தடவிப் பாருங்கள். பாத உணர்ச்சி குன்றியோர் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலுடன் செல்லுதல் ஆகாது. செல்ல விரும்பினால் முன்னதாக மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்கு, உள்ளங்கால் இரண்டையும் பார்க்குமாறு வீட்டாரிடம் சொல்லுங்கள். சிவப்போ கொப்புளமோ தென்பட்டால், வலி இல்லையென்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.