ஆளில்லாக் கடைக்கும் ஞாயிறு விடுமுறை

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் 'தேகுட்' என்ற அங்காடி நிறுவனம் சிறுசிறு தானியங்கிக் கடைகளைத் திறந்தது. விற்க ஆள் கிடையாது. வேண்டியதை நாமே எடுத்து, ஸ்கேன் செய்து, கார்டில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். ஊழியரே இல்லாத கடைக்கு ஓய்வு எதற்கு என்று ஞாயிறன்றும் திறந்து வைத்தார்கள். வழக்கு வந்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடை கடைதான், ஞாயிறன்று மூடத்தான் வேண்டும் என்று 2023 டிசம்பரில் மாநில உயர் நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தக் கறாருக்கு வேர் ஆழமானது. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நீதிமன்றங்களுக்கும் நகரத்துப் பட்டறைகளுக்கும் ஞாயிறு ஓய்வை ஆணையிட்டார். பருவம் தவறக்கூடாதென்று உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். ஜெர்மனியில் 1919இன் வைமார் அரசியல் சட்டம் ஞாயிறுக்குப் பாதுகாப்பு தந்தது. இன்றைய அரசியல் சட்டமான 1949இன் அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது.

அது ஏட்டில் உறங்கும் சட்டமல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, கத்தோலிக்கத் திருச்சபையும் சீர்திருத்தத் திருச்சபையும் வழக்காடி 2009இல் வென்றன. 2015 டிசம்பரில் ரைன்பெர்க் கிடங்கில் ஞாயிறு வேலைக்கு அமேசான் பெற்ற அனுமதி செல்லாது என்று 2021இல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தது 'வெர்டி' தொழிற்சங்கம்.

பாதிரியாரும் தொழிற்சங்கக்காரரும் ஒரே பக்கம் நிற்பதில் ஆச்சரியமில்லை. பத்துக் கட்டளைகளில் வரும் ஓய்வுநாள் எஜமானுக்கு மட்டுமானதல்ல; வேலையாட்களுக்கும், மாட்டுக்கும், ஊரில் தங்கியிருக்கும் அந்நியருக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. லீவு வேண்டும் என்று வாய்திறந்து கேட்க முடியாதவர்களுக்கே அது முதலில் தேவை. 'விருப்பமுள்ளவர் திறக்கட்டும்' என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கடை திறந்தால் எதிர்க்கடையும் திறந்தாக வேண்டும். விருப்பம் முதலாளிக்கு, வேலை ஊழியருக்கு என்று முடியும்.

இன்று ஜெர்மானியரில் பாதிப்பேர்கூட இவ்விரு பெரிய திருச்சபைகளில் உறுப்பினர் இல்லை. மருத்துவமனை, ரயில், உணவகம் எல்லாம் ஞாயிறிலும் இயங்குகின்றன. இணையத்தில் எந்நேரமும் பொருள் வாங்கலாம். ஹெஸ்ஸன் மாநிலமே 2024இல் சட்டத்தைத் திருத்தி ஆளில்லாச் சிறுகடைகளுக்கு வழிவிட்டது. ஞாயிறைக் காக்கும் வேலி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது.

ஆனால் அந்த வேலிக்குள் நிற்பவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. ஜெர்மனியின் ஹாம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழா ஞாயிறன்றுதான் நடக்கிறது. பல ஊர்களில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு திரண்டு வடம் பிடிக்க வேறெந்த நாள் தோதுப்படும்? ஆளுக்கொரு நாள் லீவு கொடுத்தால் உடம்புக்கு ஓய்வு கிடைத்துவிடும். ஊர் கூடுவதற்கு எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும்.